ரெகுலர் கஸ்டமர்

பெரம்பலூரில் ஷஃபியுல்லா இணையத்தில் ஆர்டர் எடுத்து, கூரியரில் மருந்து அனுப்பிக்கொண்டிருந்தார். 2007-இல் ஒருநாள் மருந்து ஆய்வாளர் வெற்றிச்செல்வி அங்கே சோதனைக்கு வந்தார்.

"டாக்டர் சீட்டு இல்லாம தூக்க மாத்திரை அனுப்புறீங்களா?"

"ரெகுலர் கஸ்டமருக்குத்தான் மேடம். திருமானூர்ல அய்யம்பெருமாள்னு ரிடையர்டு வாத்தியாரு. இன்னிக்குக் காலையில கூட ஆர்டர் போட்டாரு."

"அவருக்குப் போன் போடுங்க. ஸ்பீக்கர்ல."

வாத்தியாரின் மனைவி எடுத்தார். ஷஃபியுல்லா தன் பெயரைச் சொல்லி, வாத்தியார் இருக்கிறாரா என்று கேட்டார். "அவரு போன பொங்கலுக்கே தவறிட்டாருங்க. நீங்க அனுப்புன மாத்திரைய மொத்தமா முழுங்கிட்டாரு."

பார்சல் அனுப்பினாரே தவிர, அந்த மனிதர் எப்படி இருக்கிறார் என்று ஷஃபியுல்லா ஒருமுறைகூடக் கேட்டதில்லை. வெற்றிச்செல்வியின் முகத்தைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டார்.

"அப்ப யாரும்மா இப்ப ஆர்டர் போடுறது?" என்று வெற்றிச்செல்வி கேட்டார்.

"அவருதாங்க. இருங்க, குடுக்குறேன்."

போன் கைமாறியது. ஒரு முதியவர் தணிந்த குரலில் பேசினார்.

"ஒங்கமேல குத்தம் சொல்லல தம்பி. இன்னும் தூக்கம் வரல, அதான். இந்தத் தடவ கொஞ்சம் கூடுதலா அனுப்பிவிடுங்க."

"சரிங்க சார்" என்று பழக்கத்தில் ஷஃபியுல்லாவின் வாயிலிருந்து வந்துவிட்டது.