ஒட்டாத கழுத்து

கழுத்துதான் பிரச்சினை.

தலை சோல்மியுடையதுதான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அது உட்கார்ந்திருந்த விதத்தைப் பார்த்தால், யாரோ அவசரத்தில் வைத்துவிட்டுப் போன குடம் மாதிரி இருந்தது.

தேகு நகரத்தில், மாமியார் வீட்டு ஹாலில், சோபாவுக்கு மேலே, சுவரை அடைத்துத் தொங்குகிற குடும்பப் படம் அது. மாமனாரின் எழுபதாவது பிறந்தநாளுக்கு எடுத்தது. அப்போது சோல்மி அந்த வீட்டுக்கு வந்திருக்கவில்லை. அவள் வந்தபோது மாமனார் போய்விட்டிருந்தார். எல்லோரையும் மறுபடி நிற்கவைத்து எடுக்க வழியில்லை.

அதனால் ஸ்டூடியோக்காரர் அவள் தலையை மட்டும் வெட்டி ஒட்டிக் கொடுத்தார்.

"உடம்பு ஸ்டூடியோ உடம்பும்மா. மாடல் பொண்ணு யாரோ. தலை உன்னுதுதானே, அது போதாதா?" என்றார் மாமியார்.

போதவில்லை. போன சூசோக் பண்டிகைக்கு வந்த சின்ன மாமா படத்தை அண்ணாந்து பார்த்து, "ஏம்மா, இந்தத் தலையாவது நிக்குமா?" என்று கேட்டுவிட்டு, வாயிலிருந்த சோங்ப்யோன் கொழுக்கட்டை புரையேறும்வரை சிரித்தார். கூடவே மொத்தச் சொந்தமும் சிரித்தது. மரியாதைக்கு சோல்மியும் சிரித்துவைத்தாள். உள்ளுக்குள் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றரை வருஷமாய் இந்த வீட்டு மருமகள். படத்தில்கூட ஒட்டவில்லை என்றால் என்ன அர்த்தம்?

அந்த ரோஷத்தில்தான் செவ்வாய்க்கிழமை போட்டோ எடிட்டிங் வகுப்பில் போய்ச் சேர்ந்தாள்.

லேயர் என்றால் ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கிய கண்ணாடித்தாள் மாதிரி என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்கள். பக்கத்தில் உள்ள கண் குறியைத் தட்டினால் தெரியும், மறுபடி தட்டினால் மறையும். லேயர்களைக் கலக்கப் பல முறைகள். அதில் ஒன்றுக்குப் பெயர் பெருக்கல். மருமகளுக்குப் பெருக்கல் சொல்லித்தரவா வேண்டும்?

அப்புறம் டபுள் எக்ஸ்போஷர், ஒரு படத்துக்குள் இன்னொரு படம். மற்றவர்கள் முகத்துக்குள் கடலையும் செர்ரிப்பூவையும் வைத்தார்கள். சோல்மி தன் கணவன் க்யூதேக்கின் மண்டைக்குள் ஒரு பைன் காட்டை வைத்தாள். வெளியே அமைதி, உள்ளே என்ன திரிகிறதென்று யாருக்கும் தெரியாது. பொருத்தமாய்த்தான் இருந்தது.

நாளை மறுநாள் சூசோக். மாமியார் மதியம் ஒரு பென்டிரைவைக் கொடுத்தனுப்பியிருந்தார். ஸ்டூடியோக்காரர் கடையை மூடும்போது தந்துவிட்டுப் போனதாம். "நீதான் கத்துக்கிறியே, நீயே ஒட்டிக்கோ."

செருகினாள். திறந்தாள்.

ஒரே படமாய் வரும் என்று நினைத்திருந்தாள். லேயர் லேயராய் வந்தது. மனுஷன் எதையும் ஒன்றாக்காமல் அப்படியே தூக்கிக் கொடுத்திருக்கிறார்!

அடியில் பூட்டுப் போட்ட ஒரு லேயர். பெயர், 'குடும்பம்'. மாமனார், மாமியார், க்யூதேக் எல்லோரும் மொத்தமாய் அதில் இருந்தார்கள்.

அதற்கு மேலே மூன்று.

'மருமகள்'. கண் மூடியிருந்தது.

'மருமகள் நகல்'. அதுவும் மூடியிருந்தது.

'மருமகள் நகல் 2'. இது மட்டும் திறந்திருந்தது. இதுதான் சோல்மி.

முதல் கண்ணைத் தட்டினாள்.

முதல் மனைவி. "ஆறு மாசம்தான், ஒத்துவரல" என்று கல்யாணத்துக்கு முன்பே க்யூதேக் சொல்லியிருந்தான். ரோஜா நிற ஹன்போக் உடையில் தலையும் கழுத்தும் உடம்பும் ஒட்டி, அம்சமாய் நின்றாள். மாடல் பொண்ணாம், ஸ்டூடியோ உடம்பாம்! க்யூதேக்கின் தோளில் ஒரு கை, சிவப்பு நகப்பூச்சோடு. சோல்மி நகப்பூச்சே போடுவதில்லை. இத்தனை நாளும் அதைத் தன் கை என்று நினைத்துக்கொண்டிருந்தாளே, சே.

இரண்டாவது கண்ணைத் தட்டினாள்.

அதே உடம்பு. அதே கை. வேறு தலை.

இது யார்?

இவளைப் பற்றி ஒருத்தர்கூட மூச்சுவிடவில்லை. மாமியார் சொல்லவில்லை, க்யூதேக் சொல்லவில்லை. சின்ன மாமா மட்டும் சொல்லியிருக்கிறார். சோல்மிதான், கழுத்து ஒட்டாததைச் சொல்கிறார் என்று நினைத்துவிட்டாள்.

அழுதுவிடுவோமோ என்று பயந்து, வகுப்பில் படித்ததைச் செய்தாள். மூன்று லேயரையும் பாதியாய் மங்கவைத்தாள். ஒரே ஹன்போக்கில் ஆறு கண், மூன்று சிரிப்பு. வகுப்பில் காட்டியிருந்தால் கைதட்டியிருப்பார்கள். பக்கத்தில் க்யூதேக் மட்டும் கொஞ்சமும் மங்காமல், புது மாப்பிள்ளை மிடுக்கோடு நின்றான்.

"என்னம்மா, கழுத்து ஒட்டிருச்சா?" அடுத்த அறையில் பேரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்த அசல் க்யூதேக் குரல் கொடுத்தான்.

"என்னுதை விடுங்க. இப்ப உங்களுதைத்தான் பாத்துட்டிருக்கேன்."

"என்னுதுக்கு என்ன கேடு? அது ஒரிஜினலாச்சே!"

ஆமாம், ஒரிஜினல்.

மூன்று மருமகள்களின் கண்களையும் மூடினாள். 'குடும்பம்' லேயரின் பூட்டைத் திறந்தாள். க்யூதேக்கைச் சுற்றி நிதானமாய் வெட்டினாள். காது, முடி, கோட்டின் ஓரம், ஒன்றும் பிசகவில்லை. இவ்வளவு சுத்தமாய் அவள் வகுப்பில்கூட வெட்டியதில்லை. அவனைக் குடும்பத்திலிருந்து பிரித்துத் தனி லேயராய் மேலே வைத்தாள்.

கண்ணைத் தட்டினாள். காணாமல் போனான். மறுபடி தட்டினாள். வந்தான்.

லேயருக்குப் பெயர் வைக்க வேண்டும்.

'கணவன்' என்று அடித்தாள். கொஞ்சம் யோசித்தாள். பக்கத்தில் ஒரு '1' சேர்த்தாள்.