ஈரத் துண்டு

மாமனாரின் வாயில் பால் ஊற்ற அடுத்த ஆள் குனிந்ததும், நான் அவர் தலையை மெல்ல என் பக்கம் சாய்த்தேன்.

கடைவாயில் வழிந்த பால் துண்டில் இறங்கியது. அவர் கன்னத்தைத் துடைப்பதுபோல் அதை ஒற்றியெடுத்தேன்.

எண்பதைத் தாண்டியவரை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்குக் கொண்டுவந்தால் எங்கள் பண்ணைப்புரத்தில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மூக்கில் குழாய் வேறு. சொந்தபந்தமெல்லாம் வேன் பிடித்து வந்து வரிசையில் நின்றுவிட்டது.

டாக்டர் சொன்னது என் காதில் மட்டும்தான் விழுந்தது போல. நிமோனியா இறங்கிக்கொண்டிருக்கிறது, ஊசியை நிறுத்தாதீர்கள். விழுங்கத் தெம்பில்லை. வாய்வழியே ஒரு சொட்டும் கூடாது, நேரே நுரையீரலுக்குப் போய்விடும். தானாக இருமுகிற அன்று பிழைத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லாமலா இருந்தேன்? ஒவ்வொருவரிடமும் சொன்னேன்.

“டாக்டருக்கு என்னத்தா தெரியும்? எங்கண்ணே நாக்கு வறண்டு கெடக்காக. கடைசிப் பாலுக்கும் மறிச்சுக்கிட்டு நிப்பியா?” என்றார் மாமாவின் தங்கை ராமுத்தாய்.

அதற்குமேல் வாயைத் திறந்தால் கொலைகாரி நான்தான். என் வீட்டுக்காரர் வாசலில் பந்தல்காரருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தார். தலைமாட்டை விட்டு எழவும் முடியாது; எழுந்தால் தலையைச் சாய்க்க ஆள் இல்லை.

ராமுத்தாய் ஸ்பூனை ஒதுக்கிவிட்டுத் தம்ளரையே வாயில் கவிழ்த்தார். துண்டு எட்டவில்லை.

மாமா இருமினார்.

கட்டில் அதிர இருமினார். உள்ளே போன பால் சளியோடு என் சேலையில் வந்து விழுந்தது. பிறகு களைத்துப்போய் அசையாமல் கிடந்தார்.

“போயிட்டாகளே!” என்று ராமுத்தாய் மாரில் அடித்துக்கொள்ள, வீடே அழுதது.

நான் சிரித்தேன். அடக்கவே முடியவில்லை.

இப்போது மாமா கம்பை ஊன்றித் திராட்சைத் தோட்டம் வரை போய்வருகிறார். இன்று பார்க்க வந்த ஒருவரிடம் வாசலில் சொல்லிக்கொண்டிருந்தார்.

“கண்ணத் தொறக்க மாட்டாமக் கெடந்தேனே தவிர, எல்லாந் தெரிஞ்சுச்சுப்பா. ஊத்துன பாலப் பூராம் தொடச்சுட்டா. ஊரே அழுகுது, எம்மருமக மட்டும் சிரிக்கிறா.”

நான் அடுப்படியில் அவருக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தேன். புரையேறக் கூடாதென்று இன்னும் கெட்டியாகத்தான் கொடுக்கிறேன்.

கொண்டுபோய் நீட்டினேன். கிண்ணத்தை வாங்குமுன் என் முகத்தை ஒருமுறை பார்த்துக்கொண்டார், சிரிக்கிறேனா என்று.