என் முறை வரும்வரை

வீட்டுக் கதவைத் திறந்ததுமே மூக்கில் ஏறியது. கேஸ்.

கூடத்தைத் தாண்டினால் சமையலறை. அங்கே அடுப்புக்கு முன்னால் என் மாமியார் கண்ணை மூடிக்கொண்டு நின்றிருந்தார். வலது கையில் லைட்டர். அதன் பொத்தான் மேல் கட்டைவிரல்.

மாலைத் தேநீருக்கு அடுப்பைப் பற்றவைக்கும் முன் அத்தை ஆண்டவனுக்கு நன்றி சொல்வார். கும்பிடு போட்டோமா, வேலையைப் பார்த்தோமா என்கிற ஆள் இல்லை. அன்று கண்ணில் பட்ட நல்லதையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லியாக வேண்டும். பிறகு குடும்பத்தில் ஒவ்வொருவரிடமும் புதிதாக ஒரு நல்லதைக் கண்டுபிடிக்க வேண்டும். நேற்றையது இன்றைக்குச் செல்லாது. அத்தனையும் முடிந்தால்தான் லைட்டரை அமுக்குவார்.

தலைவலியோடு வேலையிலிருந்து வந்து நிற்கும் எனக்கு, அது முடிவதற்குள் உயிரே போய்விடும். அப்படித்தான் இத்தனை நாளும் சொல்லிக்கொண்டிருந்தேன். இன்று அது வெறும் பேச்சு இல்லை.

போன காய்ச்சலோடு அவருக்கு வாசனை போய்விட்டது. சோப்பும் ஒன்றுதான், கருகிய பாலும் ஒன்றுதான். காதுக்கு மெஷின் இருக்கிறது. ஆனால் இந்த நேரத்தில் கழற்றி வைத்துவிடுவார். ஆண்டவனோடு பேசும்போது குறுக்கே யாரும் வரக் கூடாதாம்.

கத்திப் பயனில்லை. ஓடிப்போய்க் கையைப் பிடிக்கவும் பயமாக இருந்தது. ஒருமுறை பின்னாலிருந்து தோளைத் தொட்டதற்கே பதறி, பால் பாத்திரத்தைச் சுவர்வரை வீசியவர் அவர். இன்று பதறினால் அந்தக் கட்டைவிரல் என்ன செய்யும் என்று யோசிக்கக்கூட முடியவில்லை.

என் கணவர் ஃபோன் செய்கிற நேரம். கைப்பையை ஃபோனோடு வாசலுக்கு வெளியே தள்ளிவைத்தேன். கதவை விரியத் திறந்து போட்டுவிட்டு, செருப்பைக் கழற்றி உள்ளே நடந்தேன்.

காது கேட்காதவர் ரகசியம் தெருவுக்கே கேட்கும். மாடி வீட்டுக் குழந்தை செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு ராஜா மாதிரி இறங்கிப் போனதற்கு நன்றி சொல்லிக்கொண்டிருந்தார். அடுத்து, கேட்காமலே ஒரு எலுமிச்சம்பழத்தைக் கூடப் போட்ட காய்கறிக்காரருக்காக. அடுத்து, துணி காய்கிறவரை பொறுத்திருந்த மழைக்காக.

இனி ஆட்கள். அந்த வரிசை எனக்குத் தலைகீழ்ப் பாடம். மாமனார், மகன், மகள், பேத்தி. கடைசியில் நான். என் முறை முடிந்தால் நெருப்பு.

சிலிண்டர் மேடைக்கு அடியில், அவர் காலடியில் இருந்தது. மண்டியிட்டு நகர்ந்தேன். குழாயிலிருந்து பாம்பு சீறுவதுபோல் சத்தம். மதியம் சமைத்தவர் சிலிண்டரை மூடாமல் போய்ப் படுத்திருக்கிறார். மழை என்று ஜன்னல்களை மட்டும் மறக்காமல் மூடியிருக்கிறார்.

மாமனார் செத்துப்போய் வருஷக்கணக்காகிறது. அவரிடம் தினமும் புதிதாக எதைத்தான் எடுப்பாரோ. இன்று, குறட்டையை நிறுத்தாமலே போர்வையை இவர் பக்கம் தள்ளிவிடுவாராம். அதற்கு நன்றி.

சிலிண்டரின் திருகைப் பிடித்தேன். கை வியர்த்து வழுக்கியது.

மகன் காலையில் துண்டை மடித்து வைத்துவிட்டுப் போனானாம். அதிசயம்தான். மகள் ஃபோனில் இருமிக்கொண்டே சிரித்தாளாம்.

புடவைத் தலைப்பைச் சுற்றிக்கொண்டு மறுபடி திருகினேன். அசையவில்லை. கூடத்து ஃபிரிட்ஜ் எந்த நொடியும் உறுமத் தொடங்கலாம். அது உறுமாமல் இருக்க யாரை வேண்டிக்கொள்வது என்று தெரியவில்லை. எனக்கு அந்தப் பழக்கம் இல்லை.

பேத்தி. பென்சிலை இரண்டாக உடைத்துப் பக்கத்துப் பிள்ளைக்குப் பாதி கொடுத்தாளாம். நன்றி.

பிறகு, "என் மருமக" என்றார்.

திருகு அசைந்தது. இறுக்கினேன். சீறல் நின்றது. ஆனால் அறை முழுக்க கேஸ். இன்னும் ஒரு வாக்கியம், ஒரு நன்றி, ஒரு சொடுக்கு.

எழுந்து பின்கதவுக்குப் போனேன். தாழ்ப்பாள் இரும்பு. உரசினால் பொறி பறக்குமோ என்று பயந்து இம்மி இம்மியாக நகர்த்தினேன். கழுத்துக்குப் பின்னால் அந்தச் சொடுக்கை எதிர்பார்த்துக்கொண்டே நின்றேன்.

சொடுக்கு வரவில்லை.

கதவு திறந்தது. ஈரக்காற்று உள்ளே வந்து முன்வாசல் பக்கம் ஓடியது. ஜன்னலையும் திறந்தேன். அதன் பிறகும் அவர் பேசவில்லை. திரும்பிப் பார்த்தேன். புருவம் நெரிந்திருந்தது. உதடு ஏதோ சொல்லப் போய், வேண்டாம் என்று மூடிக்கொண்டது. மறுபடி திறந்தது, மறுபடி மூடியது.

அத்தைக்கு நேர் எதிரே போய், இரண்டு கையையும் விரித்து நின்றேன். காற்று பட்டு அவரே கண்ணைத் திறந்தார். என்னைக் கண்டு பதறவில்லை. கொஞ்சம் பொறு என்று இடது கையைத்தான் காட்டினார். முகத்தில் அப்படி ஒரு சங்கடம்.

"கொஞ்ச நேரம் இரும்மா. இன்னைக்கு உன்கிட்ட நல்லதா ஒண்ணுமே கிடைக்கல. ஆண்டவன்கிட்ட போய்ப் பொய் சொல்ல முடியுமா?"

சொல்லிவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். அந்த விரல்களிலிருந்து லைட்டரை மெல்ல எடுத்தேன். கொடுத்துவிட்டார்.

"தேடுங்க அத்தை. அவசரமே இல்ல," என்றேன், அவருக்குக் கேட்காது என்று தெரிந்தும்.