மேல்மடுவில் மாதிரி எடுத்த கதை

அணையின் மேல்மடு நீர்நாய்க் கூட்டத்துக்குச் சொந்தம். மீன் முட்டையிடும் மாதத்தில் அவை அங்கே வாய் வைப்பதில்லை. மடுவில் மீன் பெருகும் ரகசியத்தை ஆராய, சரியாக அந்த மாதம் தொழில்நுட்பக் குழு வந்தது. தலைவர் கொக்கு உத்தரவிட்டார். மீன்கொத்தியும் நீர்க்காகமும் தினமும் மூழ்கி மாதிரி எடுத்தன. மாதிரிகளை மூவரும் விழுங்கிப் பரிசோதித்தார்கள்.

"மீன் குறையுதே, என்ன காரணம்?" என்று கொக்கு கவலைப்பட்டார்.

"எங்க குட்டிங்க நண்டு தின்னு கிடக்குதுங்க. அடுத்த வருஷம் முட்டை மாசத்துல நீங்க மூணு பேரும் இந்தப் பக்கமே வராதீங்க ஐயா," என்றாள் நீர்நாய்த் தலைவி.

அடுத்த வருஷம் அந்த மாதம் மூவரும் வரவில்லை. மடு முழுக்க மீன் துள்ளியது.

கொக்கு பெருமையோடு அறிக்கை எழுதினார்: "எங்கள் புதிய முறை மாபெரும் வெற்றி. மடுவிலேயே தங்கி இதைக் கண்காணிக்க, இன்னும் ஆறு கொக்குகள் உடனடியாகத் தேவை."