பெரிய திரையில் சுகிர்தா

ரொறன்ரோவில் இறந்துபோன மகள் சுகிர்தாவின் இறுதிச் சடங்கை நேரலையில் பார்ப்பதற்காக, புவனேஸ்வரி பக்கத்து வீட்டுத் தர்சினியைக் கூப்பிட்டிருந்தார். போவதற்கு விசா கிடைக்கவில்லை. கணவர் தவராசாவுக்குப் பார்வை மங்கல்; கைபேசியில் முகம் பிடிபடாது. மகள் வாங்கி அனுப்பிய தொலைக்காட்சியை அதுவரை யாரும் வைஃபையில் இணைத்திருக்கவில்லை. தர்சினி இணைத்தாள். புவனேஸ்வரியின் கைபேசியையும் அதோடு சேர்த்தாள்.

"அன்ரி, இனி வடிவாத் தெரியும்."

சுவர் நிறையச் சுகிர்தா வந்தாள். பட்டுச்சேலை, நெற்றியில் பொட்டு, மூடிய கண்கள். தவராசா கதிரையைத் திரைக்குக் கிட்ட இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"பிள்ளை நல்லா மெலிஞ்சிட்டாள்."

புவனேஸ்வரி எழுந்துபோய் மகளின் கன்னத்தைத் தொட்டார். திரை சூடாக இருந்தது. கையை எடுத்துக்கொண்டார்.

"இதை நிப்பாட்டு பிள்ளை. போனிலையே போட்டுத் தா."

"அங்கிளுக்குத் தெரியாதே, அன்ரி."

"இதிலை எண்டா அவள் சுவரிலையெல்லோ கிடக்கிறாள். போனிலை எண்டா மடியிலை வைச்சிருப்பன்."

தர்சினி தவராசாவைப் பார்த்தாள். அவர் இன்னொருமுறை திரையைப் பார்த்தார்.

"அவவிட்டைக் குடு பிள்ளை," என்றார்.

திரை இருண்டது. புவனேஸ்வரி கைபேசியை மடியில் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். தவராசா கதிரையை மனைவி பக்கம் திருப்பினார்.

"இப்ப என்ன செய்யினம்?"

"பூப் போடினம்."

சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டார். "இப்ப?"

கைபேசியில் சவப்பெட்டியை மூடிவிட்டிருந்தார்கள். தர்சினி பின்னால் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இன்னும் பூத்தான் போடினம்," என்றார் புவனேஸ்வரி. "நிறையச் சனம்."