மூணாவது கியர்

“சார், இந்த வண்டி சும்மா பறக்கும்! முறுக்க முறுக்க வேகம் ஏறிக்கிட்டே இருக்கும்.”

விற்பனைப் பெண் சிவப்பு பைக்கின் டேங்கைச் செல்லமாகத் தட்டினாள்.

“பறந்து எங்கம்மா போறது? நான் போற ரோட்டுல அடிக்கொரு சிக்னல்,” என்றார் அந்த லிஃப்ட் மெக்கானிக். “டாப் ஸ்பீடெல்லாம் வேணாம். நடு வேகத்துல நல்லா இழுக்கணும். மூணாவது கியர்ல போட்டா, சும்மா சும்மா மாத்தாம ஓட்டணும்.”

“நடு வேகத்துல இழுவை, அதாவது மிட்-ரேஞ்ச் டார்க் வேணும்னு சொல்றீங்க.”

“அதேதான்.”

பக்கத்தில் நின்றவள் சிரித்துவிட்டாள். ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவள். இருவருமே அன்று லீவு. காலையில் போன வேலை நினைத்ததைவிடச் சீக்கிரம் முடிந்துவிட்டது. பஸ் ஸ்டாப்புக்கு நடக்கும்போது ஷோரூம் கண்ணில் பட, “ஒரு அஞ்சு நிமிஷம் வா. நீ பார்த்துச் சொன்னாத்தான் எனக்குத் திருப்தி” என்று அவர்தான் உள்ளே கூட்டி வந்திருந்தார்.

“அக்கா, நீங்களாவது சொல்லுங்க. சார் வேகம்னா பயப்படறார்.”

“யாரு, இவரா? எட்டு வருஷம் பின்னாடி உட்கார்ந்தவளைக் கேளு! கியரை மாத்தி மாத்தி விரட்டுவார். ஒவ்வொரு தடவையும் என் ஹெல்மெட் இவர் ஹெல்மெட்ல டங்குனு முட்டும். எத்தனை தடவை சொன்னாலும் காதுல வாங்க மாட்டார்.”

“அதான் இப்ப வாங்கிட்டேனே,” என்றார் அவர் மெதுவாக.

அவள் ஓரமாக நின்ற சாம்பல் நிற பைக்கைக் காட்டி, “அதை ஓட்டிப் பாருங்க,” என்றாள்.

விற்பனைப் பெண் கொடுத்த ஹெல்மெட்டுகளை மாட்டிக்கொண்டு இருவரும் ஏறிக்கொண்டார்கள். கடைவீதியில் ஒரு லாரிக்குப் பின்னால் வண்டி ஊர்ந்தது. வழி கிடைத்ததும் அவர் ஆக்ஸிலரேட்டரை லேசாகத் திருகினார். கியரைத் தொடவில்லை. உறுமல் இல்லை, உதறல் இல்லை. வண்டி வழுக்கிக்கொண்டு முன்னேறியது. பாலத்து ஏற்றத்திலும் மூச்சு வாங்கவில்லை.

“முட்டுச்சா?”

“இல்ல.”

“முதுகு வலிக்குதா?”

“இல்லங்க.”

ஷோரூம் வாசல் வந்தது. அவர் பிரேக்கில் கால் வைத்தார்.

“இன்னும் ஒரு ரவுண்டு போங்களேன்,” என்றாள்.

போனார்.

திரும்பி வந்து இறங்கியவள், “கண்ணை மூடிக்கிட்டு இதையே வாங்கிக்கோங்க,” என்றாள். சீட்டைக் கையால் தடவிப் பார்த்தாள். “இந்த மாதிரி வண்டியை எப்பவோ வாங்கியிருக்கலாம்.”

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

“இப்ப மட்டும் என்ன கெட்டுப் போச்சு அக்கா? இனிமே தினமும் ஜோடியா ஜம்முனு போக வேண்டியதுதானே!” விற்பனைப் பெண்ணுக்கு வண்டி விற்ற சந்தோஷம். “அடுத்த வாரம் டெலிவரி. சாவி வாங்க நீங்களும் கண்டிப்பா வரணும். ரெண்டு பேரையும் வண்டியோட நிக்க வச்சு ஒரு போட்டோ எடுக்கணும்.”

அவள் ஹெல்மெட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

“நான் வர மாட்டேம்மா. இன்னைக்குக் காலையிலதான் எங்களுக்கு விவாகரத்து ஆச்சு.”