புல் புரளாத கலப்பை

கம்பி இறங்கியது.

இடுப்புயரக் கம்பி. பாதிக்கு மேல் மண்ணுக்குள் போய்விட்டது.

அவள் அதைப் பிடுங்கி, கொஞ்சம் தள்ளி மறுபடி குத்தினாள். ஒரு இடத்தில் இறங்கியது தற்செயலாகவும் இருக்கலாம்.

அங்கும் இறங்கியது.

காலையில் இதே இடத்தில் கம்பி ஒரு சாணுக்கு மேல் போகவில்லை. வருடக்கணக்கில் ஆடுகள் மிதித்து, உள்மண் தட்டாக இறுகிக் கிடந்தது. எவ்வளவு மழை பெய்தாலும் தண்ணீர் மேலோடு ஓடிப்போய்விடும்.

இப்போது அந்தத் தட்டு உடைந்திருக்கிறது.

மேலே கொழுக்கட்டைப் புல் நின்றது நின்றபடி. நடுவில் கத்தியால் கீறியதுபோல ஒரு கோடு.

"இதுல ஓட்டுனா உழுததுக்குச் சாட்சியே இருக்காதுங்க," என்றான் திருமூர்த்தி. கலப்பை விற்கும் கடையிலிருந்து வந்தவன். "டீசல் ஊத்துனவன் வயிறு எரியும்."

அண்ணன் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

திருமூர்த்தி அடிமண்ணைப் பிளக்கும் சப்சாய்லர் கலப்பைகள் இரண்டைக் கொண்டுவந்து, அண்ணனின் டிராக்டரில் மாட்டி, மேய்ச்சலுக்கு விட்ட கொறங்காட்டின் மூலையில் ஆளுக்கொரு சால் ஓட்டிக் காட்டியிருந்தான். இரண்டாவதாக ஓட்டியதற்கு மெல்லிய கால். முன்னால் புல்லை அறுத்து வழிவிட ஒரு வட்டத் தகடு.

முதலில் ஓட்டியதற்குத் தடித்த, வளைந்த கால். அது போன வழியெங்கும் பானை பானையாய் மண்கட்டிகள். புல் தலைகீழாகக் கிடந்தது.

"நீதான் சாயங்காலம் மெசின் வகுப்புக்குப் போறயே அம்மிணி. எதை வாங்கறதுன்னு நீயே பாத்துச் சொல்லு."

போன வாரம் அண்ணன் சொன்னது.

அன்றிலிருந்து வகுப்பில் அவள் கேட்ட கேள்விகளில் ஆசிரியருக்கே சலிப்புத் தட்டியது. கேட்டதையே வேறு மாதிரி கேட்டாள். தவறாகப் புரிந்துகொண்டிருப்போமோ என்ற பயம்.

பயத்துக்குக் காரணம் இருந்தது.

நிலம் அண்ணன் பெயரில். மேய்ச்சல் அவளுக்கு.

புருசன் வீட்டிலிருந்து அவள் திரும்பி வந்த வருடம் அப்பா பங்காளிகளைக் கூட்டிவைத்துச் சொன்னார். புல் இருக்கிறவரைக்கும் இந்தக் கொறங்காடு அவளுடைய ஆடுகளுக்கு.

அப்பா போன பிறகும் அண்ணன் அந்த வாக்கை மீறவில்லை. ஒருநாள்கூட.

அவள் கம்பியைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"இந்த மெல்லிசுக் காலே போதுங்ணா. உங்க சோளக்காட்டுக்கும் ஆகும், இங்கயும் ஆகும்."

"அந்தப் பெருசு?"

"அது மேல்மண்ணப் புரட்டிப்போடும்."

"புல்லு?"

"வேரோட வந்துரும்."

"மறுக்கா மொளைக்காதா?"

"மொளைக்கும். ஆனா காடு மூட நாலஞ்சு வருசம் ஆயிரும்ணா."

அவர் கவனமாகக் கேட்டார். இந்த வீட்டில் அவளிடம் யாரும் இத்தனை கேள்வி கேட்டதில்லை. அவள் உற்சாகமாகச் சொல்லிக்கொண்டே போனாள். வேர் எவ்வளவு ஆழம், தகடு ஏன் முன்னால், இறக்கை எவ்வளவு அகலம்.

அண்ணன் நடந்து போய்த் தடித்த காலைத் தட்டிப் பார்த்தார். மாட்டு முதுகைத் தட்டுவதுபோல.

"இதையே எடுத்துக்கலாம்."

அவள் அவசரமாக, "சோளக்காட்டுக்கு மட்டுந்தானுங்ணா?" என்றாள்.

"இந்தக் கொறங்காடு முச்சூடும். அடியில இறுகிக் கெடக்குதுன்னு நீதான சொன்ன?"

திருமூர்த்தி டிராக்டர் டயரைப் பார்த்தான்.

"நீ சொன்னதெல்லாம் கேட்டுத்தானம்மிணி எடுக்கறேன்."

உண்மைதான். அவர் ஒரு கேள்வியையும் வீணாகக் கேட்டிருக்கவில்லை. அப்பாவின் வாக்கு புல் இருக்கிறவரைக்கும்தான்.

எங்கே தவறாகச் சொன்னோம் என்று வழக்கம்போல முதலிலிருந்து தேடினாள். எங்கும் இல்லை. எல்லாம் சரியாகச் சொல்லியிருந்தாள்.

"எப்ப ஓட்டலாம்?" என்றார் அண்ணன். "இப்பிடிக் காய்ச்சல்லயா, ஈரத்துலயா?"

மண் காய்ந்து கிடக்கும் காய்ச்சலில்தான் ஓட்ட வேண்டும். அப்போதுதான் அடித்தட்டு விரிந்து உடையும். ஈரத்தில் ஓட்டினால் கொழு மண்ணைச் சாந்துபோல் பூசிக்கொண்டு போகும். தட்டு இன்னும் இறுகும். டீசலும் தண்டம், நிலமும் கெட்டது. வகுப்பில் இதைச் சொன்ன அன்று அவள் நான்கு முறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டாள்.

காய்ச்சலில் புரண்ட புல் இரண்டு நாள் வெயிலில் சருகாகும்.

ஈரத்தில் புரண்டது கிடந்த இடத்திலேயே வேர் பிடிக்கும்.

அண்ணன் காத்திருந்தார். முகத்தில் அதே கவனம்.

"ஈரத்துலதானுங்ணா," என்றாள். "நல்லா மழை பேஞ்ச மறுநாள். மண்ணு ஊறிக் கெடக்கோணும்."

"கேட்டுக்கிட்டயா?" அண்ணன் திருமூர்த்தியிடம் திரும்பினார். "இதுக்குத்தான் ஊட்ல படிச்ச புள்ள ஒண்ணு வேணுங்கறது."

திருமூர்த்தி வாயைத் திறந்தான்.

அவளைப் பார்த்தான்.

பிறகு குனிந்து, மெல்லிய கால் கலப்பையை டிராக்டரிலிருந்து கழற்றத் தொடங்கினான்.